லாரியும் பைக்கும் மோதினால்: கேள்வி அட்டைகளோடு ஏழு வருடம்

2017 ஜூனில் முதலாமாண்டு பி.எஸ்சி. இயற்பியல் வகுப்புக்குள் ஒரு கட்டு சார்ட் பேப்பர் அட்டைகளோடு நுழைந்தேன். ஆளுக்கு நான்கு: சிவப்பு ஏ, நீலம் பி, பச்சை சி, மஞ்சள் டி. போர்டில் ஒரு கேள்வி எழுதினேன். லாரியும் பைக்கும் நேருக்கு நேர் மோதுகின்றன. எது எதன்மேல் அதிக விசை செலுத்தும்? வகுப்பு முழுக்க ஒரே சிவப்பு. லாரிதான் என்றார்கள். அதற்கு முந்தைய நாள்தான், ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியை வரி பிசகாமல் ஒப்பித்தவர்கள் அவர்கள்.

கேள்வி வைத்து, மாணவர்களைத் தங்களுக்குள் பேசவிட்டுக் கற்பிக்கும் இந்த முறைக்குச் சொந்தக்காரர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர். நன்றாகப் பாடம் நடத்துகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்த அவர், அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் ஹெஸ்டனஸ் குழுவினர் உருவாக்கிய அடிப்படைக் கருத்துத் தேர்வைத் தன் மாணவர்களுக்கு வைத்துப் பார்த்தார். ஒரு மாணவி, "நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா?" என்று கேட்டாராம். 1991-இல் மஸூர் வகுப்பு நடத்தும் விதத்தையே மாற்றினார். கொஞ்ச நேரம் பாடம், பிறகு ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடை காட்டுவார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசி, மறுபடி காட்டுவார்கள். முதல் தடவையில் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால் பேச விடலாம். அதற்கும் கீழே என்றால் ஆசிரியரே இன்னொரு முறை விளக்க வேண்டும், மேலே என்றால் சுருக்கமாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

படிக்கச் சுலபமாகத்தான் இருந்தது. முதல் செமஸ்டரில் நான் செய்த தவறு, சரியான விடையை உடனே சொல்லிவிட்டது. முதல் ஓட்டு முடிந்ததும் பசங்கள் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் லேசாகத் தலையாட்டினாலே போதும், பேச்சு நின்றுவிடும். முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொள்ளப் பழகவே ஒரு வருடம் ஆனது.

இரண்டாவது வருடம், பேசும் நேரத்தில் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துபோய்க் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். இந்த ஏழு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அங்கேதான். என் மாணவர்களில் பாதிக்கு மேல் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர்கள். நான் ஆங்கிலத்தில் கேட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன், பக்கத்து பெஞ்ச் நண்பனிடம் பேசுவதைக் கேட்க வேண்டும். "டேய், விசை ரெண்டுக்கும் ஒன்னுதான்டா. பைக்கோட நிறை கம்மி, அதான் அது தூக்கி எறியப்படுது." மூன்றாம் விதியையும் இரண்டாம் விதியையும் ஒரே மூச்சில் சேர்த்துவிட்டான். இருபது நிமிடம் போர்டில் எழுதியும் என்னால் செய்ய முடியாததை அவன் இரண்டு நிமிடத்தில் செய்தான். அன்றிலிருந்து கேள்வியைத் தமிழிலும் எழுதுகிறேன். எந்த மொழியில் வேண்டுமானாலும் விவாதிக்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

நன்றாகப் படிப்பவர் சொல்வதை மற்றவர்கள் அப்படியே காட்டுகிறார்கள், அவ்வளவுதானே என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் மிஷெல் ஸ்மித் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. விவாதம் முடிந்ததும் அதே கருத்தில் வேறொரு கேள்வியைக் கொடுத்து, தனியாக விடை சொல்லச் சொன்னார்கள். முதலில் ஒருவருக்குமே சரியான விடை தெரியாத குழுக்களில்கூட முன்னேற்றம் இருந்தது. நானும் இப்போது முக்கியமான கேள்விகளுக்கு இப்படி ஒரு ஜோடிக் கேள்வி வைத்திருக்கிறேன்.

அட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சார்ட் பேப்பர் ஒரு செமஸ்டர்கூடத் தாங்கவில்லை. அப்புறம் ஒரு மொபைல் செயலிக்கு மாறினேன். ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் உள்ள, கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சான அட்டை. எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுதான் விடை. என் போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்றுக் காட்டினால் யார் என்ன சொன்னார் என்று பதிவாகிவிடும். மாணவர்களிடம் போன் தேவையில்லை, அடுத்தவர் விடையும் தெரியாது. ஆனால் பளபளப்பான லேமினேஷன் போட்டது என் தவறு. ஜன்னல் வெளிச்சம் பட்டு அட்டை மின்னியதில் கேமராவால் படிக்க முடியவில்லை. போட்டால் மேட் லேமினேஷன்தான் போட வேண்டும். வருகையும் பதிலும் பதிவாவது வசதிதான். ஆனாலும் கற்பதில் பெரிய வித்தியாசம் எதையும் நான் பார்க்கவில்லை. கனடாவின் நதானியேல் லாஸ்ரி 2008-லேயே பொத்தானை அமுக்கி விடை சொல்லும் கிளிக்கர் கருவியையும் சாதா அட்டையையும் ஒப்பிட்டு இதையே சொல்லியிருக்கிறார். காசு இல்லாத கல்லூரிகள் தயங்காமல் அட்டையோடே ஆரம்பிக்கலாம்.

கொரோனா காலத்து இணைய வகுப்பில் இது சுத்தமாக எடுபடவில்லை. ஓட்டெடுப்பு நடந்தது, பேச்சு நடக்கவில்லை. மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் அறுபது பேரை என்னால் பேச வைக்க முடியவில்லை. அந்த இரண்டு வருட மாணவர்களை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

குறைகளும் உண்டு. ஒரு கேள்வி ஆறேழு நிமிடத்தை விழுங்கும். 50 நிமிட பீரியடில் மூன்றுக்கு மேல் வைத்தால் சிலபஸ் முடியாது. சத்தம் வரும், பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வரும். கதவைச் சாத்திவிட்டு நடத்துகிறேன். பல்கலைக்கழகத் தேர்வில் பத்து மார்க் வருவித்தல் கேள்விகளுக்கு இது நேரடியாக உதவாது. அவற்றை எழுதிப் பார்க்கத் தனியாக நேரம் கொடுத்தே ஆக வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது நல்ல கேள்வி எழுதுவது. தவறான விடைகள் மாணவர்கள் உண்மையாகவே நம்புகிற விடைகளாக இருக்க வேண்டும். இரவு முழுக்க ஒரே அறையில் கிடந்த பெஞ்சின் இரும்புக் காலையும் மரப்பலகையையும் தொட்டுப் பாருங்கள், எதன் வெப்பநிலை குறைவு என்பது என் கையிருப்பில் சிறந்த கேள்வி. கைக்கு இரும்பு குளிர்கிறது. வெப்பநிலை ஒன்றுதான், இரும்பு கையின் வெப்பத்தை வேகமாக இழுத்துக்கொள்கிறது என்பதை ஏற்கவே பெரிய சண்டை நடக்கும்.

இப்போது வெப்ப இயக்கவியலுக்குக் கேள்விகள் சேர்க்கிறேன். சைக்கிள் பம்பில் காற்றடித்தால் அடிப்பகுதி ஏன் சுடுகிறது என்று போன வாரம் கேட்டேன். பெரும்பாலோர் உராய்வு என்றார்கள். காற்றை அமுக்கும் வேலைதான் முக்கியக் காரணம், ஆனால் உராய்வும் கொஞ்சம் உண்டு. அதைச் சொல்லி ஒரு மாணவி என்னைக் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். அவள் சொன்னது சரி. கேள்வியைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன், திங்கட்கிழமை மறுபடி வைக்க வேண்டும்.