மாங்கொட்டையா, ஒட்டுக்கன்றா? கிருஷ்ணகிரி மேட்டு நிலத்துக்கு ஒரு கணக்கு

கிருஷ்ணகிரி பக்கம் ஒருவர் ரெண்டு ஏக்கர் மேட்டு நிலம் வாங்கினால், அடுத்து வண்டியை சந்தூருக்குத்தான் விடுவார். போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊர் மாங்கன்று நர்சரிகளுக்குப் பேர் போனது. பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா, பங்கனப்பள்ளி, நீலம், மல்லிகா, இமாம் பசந்த் என்று கறுப்புப் பைகளில் ஒட்டுக்கன்றுகள், அதாவது ஒரு நாற்றின் மேல் நல்ல ரகத்துக் குச்சியைக் கட்டி வளர்த்தவை, வரிசை கட்டி நிற்கும். பேரம் பேசி, மினி லாரியில் ஏற்றி, குழியில் வைத்துவிட்டால் தோப்பு வந்துவிட்டது என்று நினைப்பு. அதே ஊரில் வயதானவர்களைக் கேட்டால் வேறு பாட்டு பாடுவார்கள். "கொட்டை போட்டு வந்த மரத்துக்கு ஈடாகுமா தம்பி, அது எந்தப் பஞ்சத்துலயும் நிக்கும்" என்பார்கள்.

ரெண்டு பேச்சிலும் பாதி சரி, பாதி தப்பு. எது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்த்துவிட்டால், யாரும் அதிகம் எடுக்காத மூன்றாவது வழி ஒன்று தானாகவே கண்ணில் படும். போர் தண்ணீரை நம்ப முடியாத நிலத்துக்கு அந்த மூன்றாவதுதான் சரி என்பது என் கட்சி. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு சாய்ந்து எழுதிவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

முதலில் கொட்டை. நல்ல பெங்களூரா பழம் தின்று அந்தக் கொட்டையை ஊன்றினால் பெங்களூரா வராது. நம் ஊரில் பயிராகும் பெங்களூரா, நீலம், அல்போன்சா, பங்கனப்பள்ளி எல்லாமே ஒற்றைக் கரு ரகங்கள். ஒரு கொட்டைக்குள் ஒரே ஒரு கரு, அதுவும் மகரந்தச் சேர்க்கையில் பிறந்த கரு. மாம்பூங்கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும். அதில் ஒரு பகுதி ஆண் பூ, மிச்சம் இருபால் பூ. ஈயும் தேனீயும் ஒரு மரத்து மகரந்தத்தை இன்னொரு மரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். பூத்ததில் நூற்றுக்கு ஒன்றுகூட அறுவடை வரை நிற்காது என்பது தோப்புக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். அந்த ஒன்றுக்குத் தாய் யார் என்று தெரியும், தகப்பன் யார் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து வரப்பில் நிற்கும் புளிமாவாகவும் இருக்கலாம்.

கேரளக் கரையோர ரகங்கள் சில இதற்கு விதிவிலக்கு. ஒலூர், வெள்ளைக்கொழும்பான், சந்திரக்காரன் போன்றவை பல கரு ரகங்கள். ஒரு கொட்டையில் மூன்று நான்கு முளை வரும். அவற்றில் பெரும்பாலானவை சேர்க்கையில் பிறக்காமல் தாய் மரத்தின் திசுவிலிருந்தே உருவானவை. அதனால் தாயின் அச்சாகவே இருக்கும். அந்த ரகங்களைக் கொட்டை போட்டே பெருக்கலாம். நம் சந்தையில் அவற்றுக்கு விலை இல்லை என்பது வேறு விஷயம்.

கொட்டை மரத்தின் இன்னொரு சிக்கல் காலம். விதையிலிருந்து வந்த மா, பூக்கும் பக்குவத்துக்கு வர ஆறிலிருந்து பத்து வருஷம் எடுத்துக்கொள்ளும். உரத்தைக் கொட்டினாலும் அந்த இளமைப் பருவத்தைப் பெரிதாகக் குறைக்க முடியாது. பத்து வருஷம் காத்திருந்து காய்த்தது நாரும் புளிப்புமாக இருந்தால், ஊறுகாய்க்காரரைத் தவிர யாரும் சீண்ட மாட்டார்கள். மாங்கூழ் ஆலைக்காரர் வாங்குவது பெரும்பாலும் பெங்களூரா, கொஞ்சம் அல்போன்சா. லாரியில் போகும் காய் எல்லாம் ஒரே குணமாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்பது. ஆக, விற்பனைக்குத் தோப்பு போடுகிறவருக்கு விதை மரம் கணக்கிலேயே வராது.

சரி, அப்படியானால் பெரியவர் சொன்னதில் எந்தப் பாதி சரி? வேர். கொட்டை ஊன்றிய இடத்திலேயே வளர்ந்த மாவின் ஆணிவேர் நேராகக் கீழே இறங்கும். செம்மண்ணும் சரளையும் கலந்த நம் நிலத்தில் பாறை குறுக்கே வராவிட்டால் பல அடி ஆழம் போய் ஈரத்தைத் தேடும். இங்கே மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர், அதுவும் வருஷத்துக்கு வருஷம் ஒரே மாதிரி பெய்வதில்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது நினைவிருக்கும். காசு கொடுத்து டேங்கர் தண்ணீர் வாங்கி மாமரத்துக்கு ஊற்றுவதெல்லாம் இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. அந்த மாதிரி வருஷத்தில் மரத்தைக் காப்பது ரகம் இல்லை, வேரின் ஆழம்.

இப்போது பையில் வரும் ஒட்டுக்கன்றுக்கு வருவோம். ஒட்டுக்கட்டுவதன் தத்துவம் எளிது. காய்க்கிற மரத்திலிருந்து எடுத்த குச்சிக்கு வயது ஏற்கெனவே ஆகிவிட்டது. அதை இளஞ்செடியின் மேல் வைத்தாலும் அது தன் வயதை மறப்பதில்லை. அதனால்தான் ஒட்டுக்கன்று பையில் இருக்கும்போதே சில சமயம் பூ எடுக்கிறது. "பாருங்கண்ணா, இந்த வருஷமே பூ வந்துருச்சு" என்று நர்சரியில் காட்டுவார்கள். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். முதல் மூன்று வருஷம் வரும் பூவைக் கிள்ளி எறியத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கன்று நோஞ்சானாகிவிடும். நான்காம், ஐந்தாம் வருஷம் முதல் காய் எடுக்கலாம். தாய் மரம் என்ன ரகமோ அதே காய், அதே நிறம், அதே பருவம். இந்த விஷயத்தில் ஒட்டுக்கு எதிரே கொட்டை நிற்கவே முடியாது.

ஒட்டிலும் பழைய முறை, புது முறை என்று ரெண்டு உண்டு. பழையது நெருக்கு ஒட்டு. ஒரு வயதுச் செடியைத் தொட்டியோடு தாய் மரத்தடிக்குக் கொண்டுபோய், எட்டாவிட்டால் பரண் கட்டி அதன்மேல் வைத்து, கிளையோடு சேர்த்துக் கட்டுவார்கள். ரெண்டும் தத்தம் வேரில் உயிரோடு இருக்கும்போதே ஒட்டுவதால் தவறுவது குறைவு. ஆனால் ரெண்டு மூன்று மாதம் ஆகும், தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், ஒரு தாய் மரத்தில் கட்டும் எண்ணிக்கைக்கும் அளவு உண்டு. இப்போது நர்சரிகள் பெரும்பாலும் குருத்து ஒட்டு, இளந்தண்டு ஒட்டு பக்கம் போய்விட்டன. முளைத்துச் சில வாரமே ஆன, இலை இன்னும் செம்பு நிறத்தில் இருக்கும் நாற்றின் தலையை வெட்டி, நடுவில் பிளந்து, ஆப்பு போலச் சீவிய குச்சியைச் செருகிக் கட்டுவது. வேகமான வேலை. கையில் பழக்கம் உள்ளவர் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் கட்டுவார்.

குறை எங்கே என்றால், பைக்குள். பாத்தியில் முளைத்த நாற்றைப் பிடுங்கிப் பைக்கு மாற்றும்போது ஆணிவேரின் நுனி பல சமயம் அறுந்துபோகும். பையிலேயே முளைத்ததாக இருந்தால் அடியில் முட்டி வளைந்து சுருளும். ஒரு வருஷத்துக்கு மேல் பையில் கிடந்த கன்றைப் பிரித்துப் பார்த்தால் வேர் கயிற்றுச் சுருளாகவே இருக்கும். சொட்டுநீர் இருக்கிற தோப்பில் இது பெரிய விஷயமில்லை, பக்கவேர்கள் பெருகிச் சமாளித்துவிடும். மானாவாரியில், கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீருக்கே திண்டாடும் கொல்லையில், இதுதான் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. நட்ட முதல் ரெண்டு கோடையைத் தாண்டாமல் போகும் கன்றுகளைப் பிடுங்கிப் பாருங்கள், வேர் குழியை விட்டு வெளியே போயிருக்காது.

இன்னொரு தொந்தரவும் சொல்ல வேண்டும். மேலே கட்டிய குச்சி காய்ந்துபோய், ஒட்டுக்குக் கீழே இருந்து வேர்ச்செடியின், அதாவது குச்சியைத் தாங்கும் அடி நாற்றின், துளிர் கிளம்பி மரமாகிவிடும். நட்டவர் அது பெங்களூரா என்று நம்பிக்கொண்டிருப்பார், காய்த்த பிறகுதான் அது பேர் தெரியாத கொட்டை மரம் என்று தெரியவரும். கன்று வாங்கும்போது ஒட்டுப் பகுதியைத் தடவிப் பார்த்து, துளிர் அதற்கு மேலேதான் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது நல்லது. நட்ட பிறகும் கீழ்த்துளிரைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். குச்சி எந்த மரத்திலிருந்து வந்தது என்பதும் வாய் வார்த்தைதான். ஜீனூர், திம்மாபுரம் அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளில் வாங்குவதில் அந்தக் கவலை குறைவு.

மூன்றாவது வழி இதோ. கொட்டையை நிலத்திலேயே, மரம் நிற்கப்போகும் குழியிலேயே ஊன்றுவது. அடுத்த வருஷம் ஒட்டுக்கட்டுபவரைக் கொல்லைக்கே கூட்டிவந்து அங்கேயே கட்டுவது. வேர் கொட்டை மரத்து வேர், தலை ஒட்டு மரத்துத் தலை. வறண்ட நிலங்களுக்கென்று வேளாண் விஞ்ஞானிகள் பரிந்துரைப்பதும் இதைத்தான்.

செய்முறை கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். ஜூன், ஜூலையில் பழம் முடிகிற சமயம் கொட்டை கிடைக்கும். மாங்கொட்டை கேழ்வரகு மாதிரி குதிருக்குள் இருந்து காத்திருக்காது. காய்ந்தால் உயிர் போய்விடும். தின்ற சில நாளிலேயே சதையைக் கழுவி நட்டுவிட வேண்டும், சில வாரம் தாண்டினால் முளைப்பு சரியும். ஆலை வாசலில் குவிந்து சூடேறிய கொட்டையை அள்ளிவந்தால் பாதிதான் முளைக்கும். குழிக்கு மூன்று கொட்டை ஊன்றி, நல்லதாக வந்த ஒன்றை விட்டு மற்றதை எடுத்துவிடலாம். ஆட்டுக்கும் கரையானுக்கும் தப்ப முள் அடைப்பு கட்டாயம்.

அடுத்த ஆண்டு மழை தொடங்கி, தண்டு பென்சில் கனம் வந்ததும் கட்டலாம். அதற்குப் பத்து நாள் முன்பே தாய் மரத்தில் வேலை ஆரம்பமாகிவிடும். அந்தப் பருவத்தில் பூக்காத, மூன்று நான்கு மாத வயதுள்ள நுனிக்கிளையைத் தேர்ந்து, இலைகளைக் காம்பு மட்டும் நிற்கும்படி கிள்ளிவிட வேண்டும். பத்து நாளில் நுனி மொட்டு புடைக்கும், காம்புகள் விரல் பட்டாலே உதிரும். அதுதான் குச்சி தயார் என்பதற்கு அடையாளம். வேர்ச்செடியில் புதுத்துளிர் செம்பு நிறத்தில் இருக்கும் இடமாகப் பார்த்து வெட்டி, ரெண்டு அங்குலம் பிளந்து, குச்சியை ஆப்பாகச் சீவிச் செருக வேண்டும். பட்டைக்கு அடியில் இருக்கும் பச்சை அடுக்கு ஒரு பக்கமாவது ஒன்றோடொன்று தொட வேண்டும், அந்த அடுக்கிலிருந்துதான் ரெண்டும் இணையும் திசு வளரும். பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றி, ஈரம் போகாமல் மேலே ஒரு சிறு பாலிதீன் உறை. மூன்று வாரத்தில் துளிர் தெரியும். ஒட்டுக்குக் கீழே உள்ள முதிர்ந்த இலைகளை அதுவரை விட்டுவைக்கலாம்.

இதில் குறையும் உண்டு. ஒரு வருஷம் தாமதம். வெயிலில், காற்றில், திறந்த வெளியில் கட்டுவதால் நர்சரி நிழலைவிடத் தவறுதல் அதிகம், தவறியதை மறுபடி கட்ட ஆள் வர வேண்டும். கன்று ஒரே உயரமாக நிற்காது. ஒட்டுக்கட்டும் ஆட்கள் சீசனில் நர்சரியை விட்டு நகரவே மாட்டார்கள், அவர்களைப் பிடிப்பது தனிப் பாடு. ஆனால் குச்சி நீங்களே பார்த்துத் தேர்ந்த மரத்திலிருந்து வருகிறது, இது சின்ன லாபமில்லை.

அடர் நடவு போடுகிறவருக்கு இந்த வாதம் பொருந்தாது. பழைய 10-க்கு 10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 மரம், 5-க்கு 5 என்றால் 160, இப்போது பேசப்படும் 3-க்கு 2 என்றால் 670-ஐத் தாண்டும். இவ்வளவு நெருக்கத்தில் சொட்டுநீரும் வருஷா வருஷம் கிளையை வெட்டிவிடும் கவாத்தும் இல்லாமல் முடியாது. தண்ணீர் குழாயில் வருகிற தோப்பில் ஆணிவேரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, பைக் கன்றே போதும். போர் ஆயிரம் அடி போயும் காற்று வருகிற ஊரில் 3-க்கு 2 போடுகிறவரைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். காரிமங்கலம், பாலக்கோடு பக்கமும் இதே கணக்குதான், தண்ணீர்தான் முதல் கேள்வி.

ஏற்கெனவே வளர்ந்த கொட்டை மரமோ விலை போகாத ரகமோ நிலத்தில் நின்றால் அதை வேரோடு பிடுங்கவும் வேண்டாம். இடுப்புயரத்துக்குச் சற்று மேலே வெட்டிவிட்டு, வரும் புதுக்கிளைகளில் நல்லதாகப் பார்த்து மேலொட்டு கட்டலாம். ஆழமான வேர் தயாராக இருப்பதால் சில வருஷத்திலேயே காய்ப்புக்கு வந்துவிடும்.

கடைசியாகக் கொட்டை மரத்துக்கு ஒரு வார்த்தை. சந்தைக்கு உதவாது என்று சொன்னேன், ஆனால் நம் பெயர் பெற்ற பழைய ரகங்களில் பெரும்பாலானவை எங்கோ யாரோ எறிந்த கொட்டையில் தற்செயலாக வந்தவைதான். திட்டமிட்டு உருவாக்கிய மல்லிகாவுக்கும் ஆம்ரபாலிக்கும்கூட நீலமும் தசேரியும்தான் பெற்றோர், மல்லிகாவில் நீலம் தாய், ஆம்ரபாலியில் தகப்பன். ஏரிக்கரையில், கோயில் நிலத்தில் நிற்கும் ஒவ்வொரு நாட்டு மாவும் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கொட்டை மரத்தைக் காப்பாற்றக் கொட்டை உதவாது. அதன் விதையை நட்டால் வேறொரு மரம் வரும். உலர்த்திக் குளிரில் சேமிக்கவும் முடியாத விதை என்பதால் விதை வங்கியிலும் வைக்க வழியில்லை. பெங்களூரு அருகே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் மா ரகங்களை மரங்களாகவே வைத்துப் பராமரிப்பது அதனால்தான்.

ஆகவே, சாலையை அகலப்படுத்த உங்கள் ஊர் மரத்தில் எண் எழுதிவிட்டார்கள் என்றால் செய்ய வேண்டியது ஒட்டுதான். வெட்டு விழப் பத்து நாளாவது முன்பு தெரிந்தால் இலையைக் கிள்ளிவிட்டு மொட்டு புடைக்கக் காத்திருக்கலாம். அந்த அவகாசமும் இல்லையா, முதிர்ந்த நுனிக்கிளைகளை வெட்டி, உடனே இலைகளை எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, ரெண்டு மூன்று நாளுக்குள் எந்த வேர்ச்செடி கிடைக்கிறதோ அதில் கட்டிவிடுங்கள். பாதி தவறும். அதனால் தேவைக்கு மூன்று மடங்கு குச்சி எடுத்துக்கொள்வது உத்தமம்.