ட்ரிப் பர்மிட்டா, சொந்தக் கணக்கா, லீஸா: மாநில எல்லை தாண்டும் டிரக்குக்கு எது பொருந்தும்?

அமெரிக்காவில் சொந்த டிரக் வைத்து மாநிலம் விட்டு மாநிலம் லோடு எடுப்பவர்களுக்குப் பர்மிட், வரி விஷயத்தில் மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொரு பயணத்துக்கும் தற்காலிகப் பர்மிட் வாங்கலாம். ஐஆர்பி (பல மாநிலங்களுக்கும் ஒரே வண்டிப் பதிவு) பதிவையும் இஃப்டா (மாநிலங்கள் எரிபொருள் வரியைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தம்) எரிபொருள் வரிக் கணக்கையும் தன் பெயரிலேயே எடுக்கலாம். இல்லையென்றால் ஒரு கேரியரிடம் (சரக்குப் போக்குவரத்து நிறுவனம்) டிரக்கை லீஸுக்கு விட்டு அவர்கள் கணக்கில் ஓடலாம். பெரும்பாலோர் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: எந்த மாநிலத்தில் எத்தனை மைல் ஓடியது என்ற பதிவை யார் ஒழுங்காக வைத்திருக்கப் போகிறார்?

இந்தத் தொல்லை எல்லா வண்டிக்கும் இல்லை. மொத்த எடை 26,000 பவுண்டுக்கு மேல், அல்லது எடை எதுவானாலும் மூன்று அச்சோ அதற்கு மேலோ என்றால்தான் ஐஆர்பியும் இஃப்டாவும் வரும்.

ட்ரிப் பர்மிட்டின் வசதி வெளிப்படையானது. பணம் கட்டினோம், ஓடினோம், முடிந்தது. காலாண்டு ரிட்டர்ன் கிடையாது. பல மாநிலங்களில் ஒரு பர்மிட் 72 மணி நேரம்தான் செல்லும். பதிவுக்கு ஒன்று, எரிபொருளுக்கு ஒன்று என்று தனித்தனியாக எடுக்க வேண்டிய இடங்களும் உண்டு. எல்லையைத் தொடும் முன்பே அது கையில் இருக்க வேண்டும். நான்கு மாநிலம் தாண்டும் பயணத்தில் ஒரு தாமதம் வந்தால் மீதி எல்லாப் பர்மிட்டின் நேரமும் குழம்பிவிடும். ஆண்டில் எப்போதாவது வெளியே போகிறவருக்கும், புது டிரக்கை வாங்கிய ஊரிலிருந்து ஓட்டி வருபவருக்கும் இது போதும். மாதாமாதம் போகிறவருக்கு வேண்டாம்.

சொந்தக் கணக்கு என்றால் ஐஆர்பியில் பதிவுக் கட்டணத்தை நீங்கள் ஓடிய மைல் விகிதப்படி மாநிலங்கள் பங்கிட்டுக்கொள்ளும். அலாஸ்கா, ஹவாய் தவிர 48 மாநிலங்களும், வாஷிங்டன் டிசியும், கனடாவின் 10 மாகாணங்களும் இதில் உண்டு. 2015 முதல் ஒரே கேப் கார்டு (வண்டியில் வைக்கும் பதிவு அட்டை) இவை அனைத்துக்கும் செல்லும். புதிதாகத் தொடங்குபவரிடம் பழைய மைல் கணக்கு இருக்காது என்பதால், முதல் ஆண்டில் சராசரி மைல் பட்டியலை வைத்துக் கட்டணம் போடுவார்கள். முதல் ரசீதைப் பார்த்து மிரள வேண்டாம்.

இஃப்டா வேறு மாதிரி. டீசல் எங்கே போட்டீர்கள் என்பதல்ல, எங்கே எரித்தீர்கள் என்பதே வரியைத் தீர்மானிக்கும். ஒரு மாநிலத்தில் கூடுதலாகக் கட்டியது இன்னொன்றில் கழியும். அதனால் பம்ப் விலை ஏமாற்றும். ஓர் உதாரணம்: 20 சென்ட் வரியோடு கேலன் 4 டாலர் விற்கும் இடத்தில் டீசலின் உண்மை விலை 3.80. 70 சென்ட் வரியோடு 4.20 விற்கும் இடத்தில் அது 3.50. இரண்டாவதுதான் மலிவு! லாபம் மெலிந்து கிடக்கும் தொழிலில் இதைத் தெரிந்து டீசல் போடுபவர் உண்மையிலேயே பணம் மிச்சம் பிடிப்பார்.

ரிட்டர்ன் தேதிகள் ஏப்ரல் 30, ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31. வண்டி ஓடாத காலாண்டிலும் பூஜ்யம் போட்டு அனுப்ப வேண்டும். தவறினால் அபராதம் 50 டாலர் அல்லது கட்ட வேண்டிய வரியில் 10 சதவீதம், எது அதிகமோ அது. ஆனால் பெரிய அடி ஆடிட்டில்தான் விழும். பதிவுகளை நான்கு ஆண்டு வைத்திருக்க வேண்டும். அவை சரியில்லை என்றால் ஆடிட்டர் உங்கள் மைலேஜை கேலனுக்கு 4 மைல் என்று குறைத்துக் கணக்கிடலாம். 12,000 மைலுக்கு நீங்கள் 2,000 கேலன் காட்டியிருந்தால் அது 3,000 ஆகிவிடும். ரசீது இல்லாத டீசலுக்குக் கட்டிய வரியும் கழியாது.

அப்புறம், இஃப்டா ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று, இனி நிம்மதி என்று நினைப்பவர்கள் மாட்டுவது இந்த ஐந்து மாநிலங்களில்தான். நியூயார்க்கில் 18,000 பவுண்டுக்கு மேல் நெடுஞ்சாலைப் பயன்பாட்டு வரி தனி. கென்டக்கியில் கிட்டத்தட்ட 60,000 பவுண்டிலிருந்து மைலுக்கு 2.85 சென்ட். நியூ மெக்சிகோ, ஓரிகன் இரண்டிலும் 26,000 பவுண்டுக்கு மேல் எடையும் மைலும் சேர்ந்த வரி. கனெக்டிகட் 2023 ஜனவரியில் புதிதாகச் சேர்ந்தது. ட்ரெய்லர் இழுக்கும் கனரக வண்டிகளுக்கு எடையைப் பொறுத்து மைலுக்கு 2.5 முதல் 17.5 சென்ட் வரை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு, தனி ரிட்டர்ன். உங்கள் வழக்கமான பாதை இவற்றில் இரண்டு மூன்றைத் தொட்டால், சொந்தக் கணக்கின் வேலை இரட்டிப்பாகும்.

அந்த நிலையில் லீஸ் நியாயமான தேர்வு. நம்பர் பிளேட், இஃப்டா, மாநில ரிட்டர்ன் எல்லாம் பெரும்பாலும் கேரியர் பார்த்துக்கொள்வார். செலவை உங்களுக்குத் தரும் பணத்திலிருந்து (செட்டில்மென்ட்) பிடிப்பார். எரிபொருள் வரி, பர்மிட், டோல் ஆகியவை யார் பொறுப்பு என்று லீஸ் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. கையெழுத்துக்கு முன் அந்தப் பத்தியைப் படியுங்கள். இஃப்டாவில் திரும்பி வரும் பணம் உங்களுக்கா, கேரியருக்கா என்றும் கேளுங்கள். பிளேட் கேரியர் பெயரில் இருந்தால், நீங்கள் விலகும் நாளில் அது அவரிடமே போய்விடும்.

என் தீர்ப்பு: இரண்டு மூன்று மாநிலங்களுக்குள் அடிக்கடி ஓடுபவர் சொந்தக் கணக்கு எடுக்கட்டும். ட்ரிப் ஷீட் (பயண மைல் எழுதும் தாள்), ரசீது பக்கமே போக மனமில்லாதவர், நாடு முழுக்க ஓடுபவர் என்றால், முதல் ஓரிரு ஆண்டுகள் லீஸ் நல்லது. சொந்தக் கணக்கை வைத்துக்கொண்டே ரிட்டர்ன் வேலையை மட்டும் பர்மிட் ஏஜென்டிடம் கொடுப்பதும் நடக்கிறது. சரி, கொடுக்கலாம். ஆனால் அவர் நீங்கள் தரும் மைலைத்தான் நிரப்புவார். அபராதக் கடிதம் இஃப்டா உரிமம் வைத்திருக்கும் உங்கள் பெயருக்கே வரும். ஆகவே அவர் அனுப்பிய ஒவ்வொரு ரிட்டர்னின் நகலையும் கேட்டு வாங்கி, இஎல்டி (வண்டியில் உள்ள மின்னணு ஓட்டப் பதிவுக் கருவி) மைலோடு நீங்களே ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.