பால் கசிவைப் பிடிக்கும் சிலிக்கான் கப்: பச்சைக் குழந்தைக்காரிகள் வாங்கலாமா?

பிரசவம் முடிந்து தூத்துக்குடியில் அம்மா வீட்டில் இருந்தபோது எனக்குப் பால் பற்றாக்குறை இல்லை, கசிவுதான் பெரிய தொல்லை. பாப்பா ஒரு பக்கம் குடிக்க ஆரம்பித்தால் அடுத்த நிமிடமே மறுபக்கம் சொட்டத் தொடங்கிவிடும். நைட்டி நனைந்து, துண்டு நனைந்து, சில நேரம் பாப்பாவின் காலும் நனையும். அம்மா கிழித்துக் கொடுத்த பழைய வேட்டித் துணியை வைத்துத்தான் முதலில் சமாளித்தேன். துணி ஈரத்தை உறிஞ்சும், சரி. ஆனால் அத்தனையும் என் குழந்தைக்கான பால். அதைப் பிழிந்து காயப்போட மனசு வரவில்லை.

கசிவு ஒன்றும் நோய் கிடையாது. குழந்தை சப்பும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலந்து வருவதால் இரண்டு மார்பிலும் ஒரே நேரத்தில் பால் இறங்குகிறது. முதல் சில வாரங்களில் சுரப்பு இன்னும் குழந்தையின் தேவைக்குப் பழகியிருக்காது, அதனால் கசிவும் அதிகம். பலருக்கு ஒன்றரை மாதம், இரண்டு மாதத்தில் தானாகக் குறையும்.

இந்தப் பாலைப் பிடிக்க இரண்டு வகை சாமான் கிடைக்கிறது. முதல் வகை, நியூசிலாந்தின் ஹாக்கா கம்பெனியால் பிரபலமான சிலிக்கான் பம்ப் மாதிரி. அடியை அமுக்கி மார்பில் வைத்தால் காற்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அக்கா எனக்கு முதலில் அனுப்பியது அந்த வகைதான். ஒரே தடவையில் நிறைய பால் வரும், பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். ஆனால் அது கசிவதைப் பிடிப்பதோடு நிற்காது, இழுத்தும் எடுக்கும். மார்பிலிருந்து எவ்வளவு பால் வெளியேறுகிறதோ அதை வைத்துத்தான் உடம்பு அடுத்த சுரப்பை முடிவு செய்கிறது. ஒவ்வொரு முறையும் மறுபக்கத்தை இப்படி இழுத்துக் காலி செய்தால், இரட்டைக் குழந்தை என்று உடம்பு கணக்குப் போட்டுவிடும். பிறகு மார்பு கனத்து, பால் கட்டி, வலியில் காய்ச்சல் வரைக்கும் போகலாம். ஆஸ்பத்திரி நர்ஸ் அக்கா இதை எடுத்துச் சொன்னதும் அதை அலமாரியில் வைத்துவிட்டேன். வேலைக்குத் திரும்பும் முன் பால் சேர்க்க அது நல்ல சாமான். பிறந்த குழந்தையோடு இருக்கும் முதல் வாரங்களுக்கு எல்லோருக்கும் ஏற்றதில்லை.

நான் வாங்கியது இரண்டாவது வகை, இழுவை இல்லாத கப். ஆன்லைனில் ஜோடி 650 ரூபாய். பின்பக்கம் மெல்லிய சிலிக்கான் வட்டு, நடுவில் காம்பு நுழைய ஓட்டை. முன்பக்கம் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் கிண்ணம், அதன் மேல் ஓரத்தில் பால் ஊற்றுவதற்குச் சின்ன வாய். பிராவுக்குள் வைத்தால் போதும், சொட்டுகிற பால் தானாகக் கிண்ணத்தில் இறங்கும். ஒரு கப்பில் 30 மில்லி பிடிக்கும். எனக்குக் காலையில் முதல் தடவை கொடுக்கும்போது 20 மில்லி போல வந்தது. சாயங்காலம் ஓட்டையைச் சுற்றி நனைந்ததோடு சரி.

நிமிர்ந்து உட்கார்ந்து கொடுக்கும் வரை ஒரு சொட்டும் வெளியே வராது. குனிந்தால்தான் சிக்கல். பாப்பா தூங்கியதும் தூளியில் போடக் குனிவோம் இல்லையா, அந்த நேரம் மேல் வாய் வழியாகப் பால் முழுவதும் வயிற்றில் வழியும். மூடி கொடுத்திருக்கிறார்கள்தான், ஆனால் என் ஜோடியில் ஒரு மூடி லூசாகவே வந்தது. எழுந்திருக்கும் முன் கப்பை எடுத்து, பக்கத்தில் வைத்த சுத்தமான டம்ளரில் ஊற்றிவிடுவதுதான் வழி. ஒருக்களித்துப் படுத்துக் கொடுப்பவர்களுக்கு இந்தக் கப் உதவாது.

கழுவும் வேலையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. சிலிக்கான் வட்டு கிண்ணத்தோடு சேரும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. பாலின் கொழுப்பு அங்கேதான் போய் ஒட்டும். மேலோட்டமாகக் கழுவினால் விரலுக்கு வழவழப்பு தெரியும். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து, சோப்புத் தண்ணீரில் சின்ன பிரஷ் போட்டுத் தேய்த்து, தினமும் ஒருமுறை கொதிநீரில் போட்டெடுத்தேன். கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்துப் பிளாஸ்டிக் கொஞ்சம் மங்கியது, சிலிக்கானுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நாள் முழுக்கப் போட்டுக்கொள்ளலாம் என்று பெட்டியில் எழுதியிருந்தது. தயவுசெய்து வேண்டாம். ஓரம் ஒரே இடத்தில் அழுத்தினால் பால் நாளம் அடைத்துக் கட்டிக்கொள்ளும். காம்பும் ஈரத்திலேயே ஊறிப் புண்ணாகும். அதோடு, உடம்புச் சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்த பாலைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. பால் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும், சுத்தமான கப்பாக வைத்து எடுப்பதுதான் சரி. எப்போதாவது எடுக்க நேரமாகிவிட்டால் அம்மா அந்தப் பாலைச் செம்பருத்திக்கு ஊற்றிவிடுவார். தாய்ப்பால் காலில் மிதிபடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

பிடித்த பாலை எவ்வளவு நேரம் வைக்கலாம் என்றால், 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம் வரை நல்லது என்பது பொதுவான கணக்கு. ஏசி இல்லாத நம் ஊர் அறையில் 25 டிகிரி எங்கே இருக்கிறது? அதனால் நான் உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். கதவுப் பக்கம் வேண்டாம், உள்ளே பின்பக்கம் வையுங்கள். புதுப் பாலைக் குளிரவைத்த பிறகே பழைய பாலோடு சேர்க்க வேண்டும். ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜில் முழுசாக உருகிய பாலை 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், திரும்ப உறையவைக்கக் கூடாது. சூடு பண்ண வெந்நீர்ப் பாத்திரம் போதும், மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்.

தானாகச் சொட்டும் பாலில் கொழுப்பு குறைவு. குழந்தை கடைசி வரை குடிக்கும்போது வருகிற கெட்டிப்பாலுக்கு அது ஈடாகாது. இதையே முக்கிய உணவாக நம்பாதீர்கள், குறிப்பாகக் குறைமாதக் குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம். பால் வங்கிக்குக் கொடுக்க நினைப்பவர்களும், சொட்டுப் பாலை வாங்குவார்களா என்று அங்கே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் பீச்சிய பாலைத்தான் எடுப்பார்கள்.

எனக்கு இது கைகொடுத்தது, தையல் பார்க்க ஆஸ்பத்திரி போன நாளில். சேர்த்து வைத்த பாலை அம்மா பாலாடையில் ஊற்றி, பாப்பாவை நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டியிருக்கிறார். பால் பாட்டில் வீட்டுக்குள் வரவே இல்லை. நான் திரும்பி வந்தபோது பாப்பா அழாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். 650 ரூபாய்க்கு அந்த ஒரு நாளே போதும் என்று இருந்தது எனக்கு.

கசிவு அதிகமுள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். கொஞ்சமாகக் கசிந்தால் காட்டன் பேட் போதும், காசை மிச்சம் பிடியுங்கள். சுறாப்புட்டும் பூண்டும் சாப்பிட்டும் பால் போதவில்லை என்று கவலைப்படுகிறவர்களுக்கு இந்தக் கப் பாலைக் கூட்டிக் கொடுக்காது. வாங்கும்போது ஓட்டையின் அளவையும், மூடி இறுக்கமாக உட்காருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜோடியாகத்தான் விற்கிறார்கள். ஒரு நேரத்துக்கு ஒன்றுதான் தேவைப்படும் என்பதால், மற்றதைக் கழுவிக் காயவைத்துத் தயாராக வைத்திருந்தால் ராத்திரி இரண்டு மணிக்குக் குழாயடியில் நிற்க வேண்டியதில்லை.