ஓலைப்பெட்டி விற்கவும் "கேரள லைசென்ஸ்" வேண்டும் என்று பணம் வாங்கிச் சென்றார்கள்: கைவினைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை

குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், களியக்காவிளைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில், நானும் இன்னும் ஐந்து பெண்களும் சேர்ந்து பனையோலையில் பெட்டி, கடவம், சுளகு, விசிறி, சாயமேற்றிய குருத்தோலைப் பைகள் ஆகியவற்றை முடைந்து விற்று வருகிறோம். எங்கள் ஆண்டு விற்பனை நான்கு லட்சம் ரூபாயைத் தாண்டியதே இல்லை. அதிலும் பெரும்பகுதி ஓணத்தை ஒட்டித் திருவனந்தபுரத்தில் நடக்கும் கண்காட்சிகளில்தான் விற்கிறது. இந்த அளவு வியாபாரத்துக்கு நாங்கள் எப்படி ஏமாற்றப்பட்டோம் என்பதை, எல்லையின் இருபுறமும் பொருள் கொண்டுபோகும் மற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே விவரமாக எழுதுகிறேன்.

2023 ஜூன் மாதம், வரி ஆலோசகர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரிடம் அச்சடித்த அட்டையும், முத்திரைகள் பதித்த சில மாதிரிச் சான்றிதழ்களும் இருந்தன. "அக்கா, ஜிஎஸ்டி நம்பர் இல்லாமல் களியக்காவிளையைத் தாண்டினால் வண்டியோடு பிடித்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டுக்கு ஒன்று, கேரளத்துக்கு ஒன்று, இரண்டும் கட்டாயம்" என்றார். ஓணத்துக்கு முடைந்த சரக்கெல்லாம் திண்ணையில் அடுக்கி வைத்திருந்த நேரம் அது. ஐந்து வீட்டுப் பெண்களின் இரண்டு மாத உழைப்பு வழியில் பறிபோய்விடுமோ என்ற பயத்தில், யாரிடமும் விசாரிக்காமல் ஒப்புக்கொண்டேன்.

தமிழ்நாட்டுப் பதிவுக்கு 6,500 ரூபாயும், கேரளப் பதிவுக்கு 4,000 ரூபாயும், அதற்கு மேல் கேரள அரசுக்குச் செலுத்த வேண்டிய "முன்பண வரி" என்று 9,000 ரூபாயும் ஆக மொத்தம் 19,500 ரூபாயை ரொக்கமாக வாங்கிக்கொண்டார். என் பான் அட்டை, ஆதார், மின்கட்டண ரசீது ஆகியவற்றைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனவர், மறுநாள் தொலைபேசியில் அழைத்து, என் கைபேசிக்கு வந்த ஓடிபி எண்ணை வாசிக்கச் சொன்னார். நானும் வாசித்தேன். பத்து நாள் கழித்து இரண்டு சான்றிதழ்கள் வந்தன. அவற்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்தோம்.

2024 ஜனவரியில் திருவனந்தபுரத்துக் கடைக்காரர் ஒருவர், எங்களிடம் வாங்கிய சரக்குக்கு எங்கள் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, அது இடைநிறுத்தப்பட்டிருக்கிறது என்றார். வணிகவியல் படிக்கும் என் அக்காள் மகள் அன்றிரவே ஜிஎஸ்டி தளத்தில், உள்நுழையாமலே யாரும் எண்ணைத் தேடிப் பார்க்கும் பகுதிக்குப் போனாள். தமிழ்நாட்டுப் பதிவு உண்மையானது. ஆனால் ஜூன் முதல் ஒரு மாதம்கூடக் கணக்குத் தாக்கல் செய்யப்படவில்லை. கேரள எண்ணோ எனக்குரியதே அல்ல. ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள் உண்டு. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. அடுத்த பத்தும் பதிவு செய்தவரின் பான் எண். என் சான்றிதழில் 32 என்று சரியாகத்தான் தொடங்கியிருந்தது, ஆனால் அதற்குப் பின் வந்த பத்து எழுத்துகள் என் பான் அல்ல. ஏழு மாதமாகச் சுவரில் தொங்கிய காகிதத்தில் அதை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

போலிச் சான்றிதழைவிட எங்களை அதிகம் வருத்தியது உண்மையான பதிவுதான். பதிவு பெற்ற நாளிலிருந்து விற்ற பொருளுக்கெல்லாம் வரி செலுத்தியாக வேண்டும்; ஓலைப் பொருளுக்கு அது 5 சதவீதம். நாங்கள் யாரிடமும் வரி வாங்கவில்லை என்பதால் அந்தத் தொகை முழுவதும் எங்கள் கூலியிலிருந்து போனது. அதோடு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, ஒவ்வொரு மாதத்துக்கும் நாளுக்கு 50 ரூபாய் வீதம் 2,000 வரை தாமதக் கட்டணம். விற்பனையே இல்லாத மாதத்துக்கும் 500 வரை கட்ட வேண்டும். எல்லாம் சேர்த்து 25,000 ரூபாயை ஒட்டி வந்தது. துறை அனுப்பிய அறிவிப்புகள் ஒன்றுகூட எங்களுக்கு வரவில்லை, ஏனென்றால் பதிவு முடிந்த கையோடு அந்த ஆலோசகர் தொடர்பு எண்ணையும் மின்னஞ்சலையும் தம்முடையதாக மாற்றியிருந்தார்.

இத்தனைக்கும் அந்தப் பதிவு எங்களுக்குத் தேவையே இல்லை என்பதைப் பிறகு வணிகவரி அலுவலகத்தில் ஓர் அம்மா பொறுமையாக விளக்கினார். மாநிலத்துக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு 2019 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு வேண்டாம். மாநிலம் தாண்டி விற்றால் தொகை எவ்வளவாக இருந்தாலும் பதிவு வேண்டும் என்பது பொது விதிதான். அந்த விதியை வைத்தே எங்களைப் பயமுறுத்தினார்கள். ஆனால் 2018 அக்டோபரில் வந்த 3/2018 ஒருங்கிணைந்த வரி அறிவிக்கையும் 56/2018 மத்திய வரி அறிவிக்கையும், பெரும்பாலும் கையால் செய்த, பட்டியலில் உள்ள கைவினைப் பொருள்களுக்கு 20 லட்சம் வரை விலக்குத் தருகின்றன. அந்தப் பட்டியலில் புல், ஓலை, நாணல், நார்ப் பொருள்களும் உண்டு. வேறு மாநிலக் கண்காட்சியில் சில நாள் கடை போடுபவருக்கும் இது பொருந்தும். பான் எண் இருக்க வேண்டும். சரக்கின் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் எல்லை தாண்டும்போது இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான இணையவழிச் சீட்டு) எடுக்க வேண்டும். பதிவு இல்லாதவரும் அதை எடுக்க வழி இருக்கிறது. எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு தாள் மட்டுமே, அதைப் பற்றி அந்த ஆலோசகர் வாய் திறக்கவில்லை.

அவர் கேட்ட முன்பண வரி என்பதும் முழுக்கக் கற்பனையல்ல. தற்காலிகமாக வேறு மாநிலத்தில் விற்பவர், விலக்கு இல்லாத பொருளென்றால், எதிர்பார்க்கும் வரியை முன்கூட்டியே கட்டித்தான் 90 நாள் பதிவு பெற வேண்டும். ஆனால் அந்தப் பணம் செலான் வழியாக அரசுக் கணக்குக்குப் போகுமே தவிர, எவருடைய கைக்கும் போகாது. பதிவுக்கென்று அரசு கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவும் அப்படியே. அதற்கும் இதே ஆள் பக்கத்து ஊரில் 2,000 ரூபாய் வாங்கியிருக்கிறார் என்று பின்னர் கேள்விப்பட்டோம்.

நிலுவையைக் கட்டி முடித்து, அதிகார எல்லைக்குரிய வரி அலுவலர் மூலம் தொடர்பு எண்ணை என்னுடையதாக மாற்றி, பதிவை ரத்து செய்ய விண்ணப்பித்து, ரத்தான பின் மூன்று மாதத்துக்குள் தர வேண்டிய இறுதிக் கணக்கையும் தாக்கல் செய்தேன். காவல் நிலையத்தில் போலிச் சான்றிதழோடு புகார் கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் திரும்பவில்லை, அவருடைய எண்ணும் இப்போது இயங்கவில்லை. மார்த்தாண்டம் முதல் பாறசாலை வரை இதேபோல் யாரிடமாவது ஓடிபி வாசித்தவர்கள் இருந்தால், இன்றைக்கே உங்கள் எண்ணைத் தளத்தில் தேடி, பதிவு நடப்பில் இருக்கிறதா, கணக்குத் தாக்கலாகிறதா, நடுவிலுள்ள பத்து எழுத்தும் உங்கள் பான்தானா என்று பாருங்கள். அதில் ஒன்று தவறாக இருந்தாலும் உடனே வரி அலுவலகத்துக்குப் போங்கள், ஏனென்றால் தாமதக் கட்டணம் நாள் கணக்கில் ஏறுகிறது.