எண்ணெய் விரலைக் காட்டி ஒன்றரை மாதச் சம்பளத்தை வாங்கிவிட்டார்கள்: டர்போ கார் வைத்திருப்பவர்கள் படிக்கவும்

ஒன்றரை மாதச் சம்பளம். நன்றாக இருந்த ஒரு டர்போவை, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகத்தை, கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டியதற்கு நான் கட்டிய பணம் அது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வரிசை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. டர்போ வேலை மட்டுமே செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு ஒர்க்‌ஷாப். உள்ளே நுழைந்ததும் குறுக்கே அறுத்த டர்போ ஒன்றை மேசைமேல் வைத்திருப்பார்கள். அதைப் பார்த்தாலே இவர்களுக்குத் தெரியாததா என்று தோன்றிவிடும். அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

என்னுடையது டர்போ பெட்ரோல் வண்டி. ஆயில் மாற்றக் கொடுத்த இடத்தில், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு (டர்போ தள்ளும் சூடான காற்றைக் குளிர்விப்பது) போகும் ஹோஸின் இணைப்பில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருக்கிறது, காட்டிவிடுங்கள் என்றார்கள். ஓட்டத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை. இழுவை இருந்தது. புகை இல்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் முன்பைவிடக் கொஞ்சம் வேகமாக இறங்கியது, அவ்வளவுதான். சரி, இதிலேயே ஊறியவர்களிடம் காட்டிவிடலாம் என்று அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

தலைமை மெக்கானிக் பானெட்டைத் திறந்து கிளாம்பைத் தளர்த்தினார். டர்போவுக்குப் பின்னால் இருக்கும் ஹோஸை உருவினார். ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றி வெளியே எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். இரண்டாவது கணு வரை பழுப்பும் கறுப்புமாக எண்ணெய். "பாத்தீங்களா சார்? காத்து மட்டும் போக வேண்டிய பைப் இது. இதுல ஆயில் எங்கிருந்து வந்துது? டர்போ சீல் போச்சு. இப்படியே ஓட்டினா உள்ளே இருக்கிற வீல் உடைஞ்சு இன்ஜினையும் சேர்த்துக் காலி பண்ணிடும்."

சொல்லிவிட்டு அவசரப்படுத்தவே இல்லை, அதைத்தான் கவனிக்கணும். "யோசிச்சுச் சொல்லுங்க சார், வண்டி உங்களோடது" என்றார். ஹோஸைத் திரும்ப மாட்டினார். தன் கை பட்டு மட்கார்டில் விழுந்திருந்த எண்ணெய்க் கறையை ஒரு துணியை எடுத்துப் பொறுமையாகத் துடைத்துவிட்டார். அந்தத் துடைப்பில்தான் நான் விழுந்தேன். இவ்வளவு பக்குவமாக வேலை பார்க்கிறவர் பொய் சொல்வார் என்று யார் நினைப்பார்கள்?

இப்போது அவர் சொன்னதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். காற்று மட்டும் போகிற பைப்பாம்! எந்த டர்போ வண்டியிலும் அந்தப் பைப்பைக் கழற்றி விரலை விட்டால் கொஞ்சமாவது எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். இன்ஜின் ஓடும்போது பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே கிராங்க்கேஸுக்குள், அதாவது இன்ஜினின் அடிக்கூட்டுக்குள், இறங்குகிறது. அதை வெளிக்காற்றில் விடக் கூடாது என்பதால் பிரீதர் ஹோஸ் வழியாக ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள பைப்பில் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அந்த வாயு எண்ணெய் ஆவியோடுதான் வரும். டர்போ அதை உறிஞ்சி இன்டர்கூலருக்குத் தள்ளும். அங்கே குளிர்ந்து படியும். இன்டர்கூலர் அடியில் கொஞ்சம் எண்ணெய் தேங்குவதும் இதனால்தான். வண்டியை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். விரலில் எண்ணெய் ஒட்டியதை வைத்து டர்போ போச்சு என்று சொல்வது, கைக்குட்டையில் வியர்வை இருக்கிறது, இவருக்குக் காய்ச்சல் என்று சொல்வது மாதிரி.

ஈரம் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. எவ்வளவு இருக்கிறது, எந்த இடத்தில் தொடங்குகிறது என்றுதான் பார்க்க வேண்டும். டர்போவுக்கு முன்னால், ஏர் ஃபில்டர் பக்கம், உள்ள பைப் காய்ந்து கிடந்து, பின்னால் மட்டும் எண்ணெய் ஓடினால் டர்போவைச் சந்தேகப்படலாம். முன்னாலேயே நனைந்திருந்தால் எண்ணெய் வேறெங்கிருந்தோ வருகிறது. அவர் டர்போவுக்குப் பின்னால் இருந்த ஹோஸை மட்டும் கழற்றினார். முன்னால் இருந்ததைத் தொடவே இல்லை. தொட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். டர்போவுக்குள் சுழன்று காற்றைத் தள்ளும் வீலைக் கையால் பிடித்து ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்க்கவில்லை. பக்கவாட்டில் லேசான அசைவு இருக்கலாம், ஏனென்றால் பெரும்பாலான டர்போக்களில் ஷாஃப்ட் எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்துதான் சுழலும். முன்னும் பின்னும் தெரிகிற மாதிரி இழுபடக் கூடாது, வீலின் ஓரம் கூட்டில் உரசிய தடம் இருக்கக் கூடாது. ஒரு டார்ச் போதும் இதைப் பார்க்க. ஒன்றரை மாதச் சம்பளம் வாங்குகிற கடையில் ஒரு டார்ச் இல்லையா?

டர்போவை மாற்றினார்கள். பில்லில் டர்போ, கேஸ்கெட், கூலி, அப்புறம் "இன்டர்கூலர் கழற்றிச் சுத்தம் செய்தது" என்று தனியாக ஒரு வரி. பழைய டர்போவைக் கேட்டேன். "அது கம்பெனிக்குத் திரும்பப் போயிடும் சார், அதைக் கழிச்சுத்தான் உங்களுக்கு ரேட்டே போட்டோம்" என்றார்கள்.

சில வாரங்களிலேயே அதே இணைப்பில் அதே ஈரம். போனேன். "பழைய ஆயில் சார். இன்டர்கூலருக்குள்ள தங்கினது கொஞ்சம் கொஞ்சமா வருது, ஓட ஓடச் சரியாயிடும்." இன்டர்கூலரைக் கழற்றிச் சுத்தம் செய்ததாகப் பில் போட்டீர்களே, அதில் எப்படிப் பழைய ஆயில் தங்கும் என்று கேட்டேன். அதுவரை என் கண்ணைப் பார்த்துப் பேசியவர் உடனே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த முறை, நீங்கள் ஊற்றும் ஆயில் சரியில்லை என்றார்கள். ஆயில் மாற்றியதும் அவர்கள்தான். அதற்கடுத்த முறை ஓனர் வெளியூர். பிறகு போன் அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். ஒருநாள் வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டேன், முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். வாரண்டி என்ன ஆச்சு என்றால் வந்த பதிலைக் கேளுங்கள்: "டர்போவுக்கு வாரண்டி இருக்கு சார், ஆனா செக் பண்ணிட்டோம், டர்போ நல்லா இருக்கு. நல்லா இருக்கிற டர்போவுக்கு எப்படி வாரண்டி தர்றது?" அதே இடத்தில் அதே எண்ணெய், இப்போது டர்போ நல்லா இருக்கு என்றால் அப்போதும் நல்லாத்தானே இருந்தது? இதற்கு இன்றுவரை பதில் இல்லை. ஒன்றரை மாதச் சம்பளமும் திரும்பி வரவில்லை.

கடைசியில் தெரிந்தவர் ஒருவர் சொல்லி, தனியாளாக வேலை பார்க்கும் ஒரு பொது மெக்கானிக்கிடம் கொடுத்தேன். போர்டுகூட கிடையாது. அவர் முதலில் கைவைத்ததே ஏர் ஃபில்டர் பக்கத்துப் பைப்பில்தான். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஃபில்டரிலிருந்து பிரீதர் ஹோஸ் வந்து சேரும் இடம் வரை உள்சுவர் காய்ந்து, மெல்லிய தூசி படிந்திருந்தது. அந்த வாயிலிருந்து டர்போ பக்கம் முழுக்க எண்ணெய் வழிந்து பளபளத்தது. கோடு கிழித்த மாதிரி. யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

பிறகு பிசிவி வால்வைக் கழற்றினார், கிராங்க்கேஸ் வாயுவை வெளியேற விடும் ஒருவழி வால்வு. டர்போ அழுத்தம் கொடுக்கும்போது அந்தக் காற்று கிராங்க்கேஸுக்குள் திரும்பிப் போகாதபடி அடைத்துக்கொள்ள வேண்டியது அது. ஒரு பக்கம் ஊதினால் காற்று போகணும், மறுபக்கம் ஊதினால் போகக் கூடாது. ஊதிக் காட்டினார், இரண்டு பக்கமும் தாராளமாகப் போனது. ஆக, மிதிக்கும்போதெல்லாம் டர்போவின் அழுத்தம் இன்ஜினுக்கு அடியில் புகுந்து, எண்ணெயைப் பிரீதர் வழியாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. "இது இப்படியே இருந்தா எத்தனை புது டர்போ போட்டாலும் எண்ணெய் வரும்" என்றார். டர்போவுக்குள் சீல் என்று இருப்பது பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு மெல்லிய உலோக வளையம்தானாம். டர்போவிலிருந்து எண்ணெய் தானாகத்தான் கீழே வடியும். கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினாலோ வடியும் பைப் அடைத்தாலோ, நல்ல டர்போகூடக் கசியும்.

இன்டர்கூலரையும் இறக்கினார். கவிழ்த்ததும் அடியிலிருந்து எண்ணெய் கோடாக வடிந்தது. சுத்தம் செய்ததற்குப் பணம் கட்டிய இன்டர்கூலர்! அதன் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட அடையாளமே இல்லை. போட்டோ எடுத்து அந்தக் கடைக்கு அனுப்பினேன். பார்த்ததற்கான நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. புது வால்வு, சுத்தம், கூலி எல்லாம் சேர்த்து அவர் வாங்கியது என் ஒரு நாள் சம்பளத்துக்கும் குறைவு. பைப்புகளைத் துடைத்துவிட்டு, கொஞ்சம் ஓட்டிவிட்டு வாருங்கள், திறந்து பார்ப்போம் என்றார். பார்த்தோம். லேசான பிசுக்கு மட்டும்தான், அது இருக்கும்.

என்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது அதற்கு மனசில்லை. தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன். டர்போவுக்கு முன்னால் உள்ள பைப்பையும் உங்கள் கண்ணெதிரே கழற்றச் சொல்லுங்கள். பிசிவி வால்வையும் ஏர் ஃபில்டரையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஆயில் அளவு டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கழற்றும் பாகம் எனக்கு வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே பில்லில் எழுதி வாங்குங்கள், தர மாட்டேன் என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

டீசல் டர்போ வண்டிக்காரர்கள் இதைப் படித்துவிட்டு, எண்ணெய் இருந்தால் பரவாயில்லை என்று இருந்துவிடாதீர்கள். பைப்பில் எண்ணெய் தேங்கும் அளவுக்கு இருந்தால் உடனே காட்டுங்கள். அந்த எண்ணெயையே எரிபொருளாகக் குடித்து டீசல் இன்ஜின் தறிகெட்டு ஓட ஆரம்பித்தால் சாவியை அணைத்தாலும் நிற்காது. அதற்காக அந்த மேசைமேல் டர்போ வைத்திருக்கும் கடைக்கு மட்டும் போய்விடாதீர்கள்.