கூத்துக்குக் காசு: அரசு உதவியா, தலைக்கட்டு வரியா?

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் தெருக்கூத்துக் குழுக்களுக்குக் காசு வர இரண்டு வழி. ஒன்று, தமிழ்நாடு அரசின் இயல் இசை நாடக மன்றம் தரும் நிதியுதவி. இசைக்கருவி, ஆடை அணிகலன் வாங்கக் கலைஞர் ஒருவருக்கு 10,000 ரூபாய். இன்னொன்று, ஊரே வீட்டுக்கு இவ்வளவு என்று போடும் தலைக்கட்டு வரி.

10,000 சின்னத் தொகைதான். ஆனால் வேஷக்காரருக்கு அது பெரிது. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு ஒட்டியவை. விடிய விடிய ஆடினால் வியர்வையில் ஒட்டு விட்டு, சில்லு ஒவ்வொன்றாக உதிரும். அதைப் புதுப்பிக்க ஊர் வரியில் தனியாகப் பணம் ஒதுக்க மாட்டார்கள். ஊருக்கு ஆட்டம் நடந்தால் போதும், கிரீடம் யார் கவலை?

அதே சமயம், இந்த உதவி ஒரு முறைதான். விண்ணப்பம், சான்றிதழ், வங்கிக் கணக்கு என்று அலையவும் வேண்டும்.

தலைக்கட்டு வரிக்குத் தாளே கிடையாது, வெற்றிலை பாக்கில் பேச்சு முடிந்துவிடும். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் (மகாபாரதக் கதை சொல்லி ஆடும் திருவிழா) வைத்தால், துரியோதனன் வீழும் படுகளம் வரை பல இரவு ஆட்டம், சாப்பாடும் ஊர்ச் செலவு. ஆனால் மழை பொய்த்தால் அந்த வருஷம் திருவிழாவே தள்ளிப்போகும், அப்புறம் கூலி ஏது?

என்னைக் கேட்டால், பிழைப்புக்கு ஊர் வரி, கிரீடம், ஆடை என்ற பெட்டிச் சாமானுக்கு அரசு உதவி. புதிதாகத் தொடங்கும் குழு என்றால் முதலில் ஊர்ப் பெரியவர்களைப் பார்ப்பதே நல்லது.