காரைக்குடிப் பழம்பொருள் கடையில் கிடைத்த பில்லி ரைட்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வருபவர்கள் பெரும்பாலும் பர்மாத் தேக்குத் தூணையோ எனாமல் தூக்குச்சட்டியையோ ரவிவர்மா படத்தையோ தேடி வருகிறார்கள். நான் சென்ற மாதம் அங்குள்ள ஒரு கடையின் பின்கட்டில், குத்துவிளக்குகளுக்குப் பின்னால் சணல் கயிற்றால் கட்டிக் கிடந்த ஒன்பது ஆங்கிலக் கால்பந்து இதழ்களை வாங்கி வந்தேன். 1952 முதல் 1959 வரை வெளிவந்த அவை, மலேயாவில் தொழில் நடத்திய ஒரு குடும்பத்தின் வீட்டைப் பிரித்தபோது வந்த சரக்கு என்றார் கடைக்காரர். அவர் 1,800 ரூபாய் சொன்னார். 1,200 ரூபாய்க்கு முடிந்தது.

பள்ளி அணியில் நான்கு ஆண்டுகள் தடுப்பாட்டக்காரனாக நின்றவன் என்பதால் அந்த விலை எனக்குக் கசக்கவில்லை. ஒன்பது இதழ்களிலும் திரும்பத் திரும்ப வருபவர் பில்லி ரைட். உல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் என்ற ஒரே கழகத்துக்காக 541 போட்டிகளில் ஆடி, 1949-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையையும் 1954, 1958, 1959 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டத்தையும் வென்ற அணிகளுக்குத் தலைமை தாங்கியவர். இங்கிலாந்துக்காக ஆடிய 105 போட்டிகளில் 90-இல் அவரே தலைவர். 1959 ஏப்ரல் 11 அன்று வெம்பிளியில் ஸ்காட்லாந்துக்கு எதிராக ஆடியபோது, நூறு சர்வதேசப் போட்டிகளைத் தொட்ட உலகின் முதல் வீரரானார். அத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட நடுவர் அவரை எச்சரித்துப் பெயரைக் குறித்துக்கொண்டதில்லை (அதற்கான மஞ்சள் அட்டை 1970-இல்தான் வந்தது).

என்னை நெடுநேரம் பிடித்து வைத்தது 1954-ஆம் ஆண்டு இதழ். அதுவரை ஹாஃப் பேக்காக (தடுப்பு வரிசைக்கு முன்னே நிற்பவராக) ஆடிய ரைட், சுவிட்சர்லாந்து உலகக் கோப்பையில் சிட் ஓவன் காயமடைந்ததால் நடுத் தடுப்பாட்டக்காரர் இடத்துக்கு வந்தார். ஐந்தடி எட்டு அங்குல உயரமுள்ள ஒருவரை அந்த இடத்தில் நிறுத்த இன்றைய பயிற்சியாளர்கள் தயங்குவார்கள். இதழிலுள்ள புகைப்படத்தைக் கூர்ந்து பார்த்தால் விடை கிடைக்கிறது: எதிரணியின் உயரமான முன்கள வீரரின் கால்கள் இன்னும் தரையில் இருக்க, ரைட்டின் நெற்றி ஏற்கெனவே பந்தில் பட்டிருக்கிறது. உயரத்தில் குறைந்ததை அவர் நேரக் கணிப்பால் ஈடுகட்டினார்.

இனிக் குறைகள். பூச்சி அரித்த ஓரங்களைப் பற்றி நான் புகார் சொல்லப் போவதில்லை. எழுபது ஆண்டுக் காகிதம் அப்படித்தான் இருக்கும். ஆனால் 1953 நவம்பர் 25 அன்று ஹங்கேரி வெம்பிளியில் இங்கிலாந்தை 6-3 என்று வீழ்த்திய போட்டியைப் பற்றிய இதழில் நடுப்பக்கங்களைக் காணோம். ரைட் சறுக்கிப் பாய்ந்தபோது ஹங்கேரித் தலைவர் புஷ்காஷ் பந்தை உள்ளங்காலால் பின்னுக்கு இழுத்துக்கொள்ள, வெறும் புல்லைத் தடுத்துவிட்டு ரைட் கடந்து போனாரே, அந்தப் போட்டிதான். வீட்டுக்கு வந்து பிரித்த பிறகே இதைக் கவனித்தேன். மறுநாள் போய்க் கேட்டபோது கடைக்காரர் சுவரைக் காட்டினார். ஆட்டம் தொடங்கும் முன் புஷ்காஷும் ரைட்டும் கைகுலுக்கும் படம், கண்ணாடிச் சட்டத்துக்குள், வெட்டிய ஓரம் கோணலாகத் தெரிய, தொங்கிக்கொண்டிருந்தது. “அது தனி உருப்படிண்ணே, 900 ரூபா” என்றார்.

பழைய வீடுகளின் காகிதச் சரக்கு இந்த அளவுக்குக் கிடைக்கும் வேறு கடையை நான் இந்தப் பக்கத்தில் பார்த்ததில்லை. கடைக்காரர் பொறுமையானவர், பின்கட்டில் எவ்வளவு நேரம் கிளறினாலும் முகம் சுளிப்பதில்லை. ஆயினும் எதை வாங்கினாலும் பக்கங்களை எண்ணிப் பார்த்துவிட்டே பணத்தை நீட்டுங்கள். அச்சிட்ட ரசீது கிடையாது, துண்டுச்சீட்டுதான்.

மனம் கேட்காமல் போன வெள்ளிக்கிழமை மீண்டும் போனேன். சட்டம் அதே ஆணியில்தான் தொங்கியது. விலை 950 ஆகியிருந்தது.